லண்டனில் கலங்கரை விளக்கம் இருக்கிறதா? இருந்தால், போய்ப் பார்க்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

இருக்கிறது. லண்டனுக்கென்று ஒன்றே ஒன்று. லீ ஆறு தேம்ஸில் வந்து விழும் முனையில், டிரினிட்டி பாய் வார்ஃப் என்ற பழைய துறையில் நிற்கிறது. நீங்கள் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வருகிறீர்கள், கையில் லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ் என்று ஒரு பட்டியலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே பல வருடம் இருப்பவர்களிடம் கேட்டாலே "அது டம்மிங்க, ஒரு கப்பலுக்கும் வழி காட்டினதில்ல, எதுக்கு அலையறீங்க" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

கப்பலுக்கு வழி காட்டவில்லை என்பது சரிதான், அதற்காக அதைக் கட்டவே இல்லையே. இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் டிரினிட்டி ஹவுஸ், 1803 முதல் இந்த இடத்தை வைத்திருந்தது. கப்பல்களுக்கு வழி குறிக்கக் கடலில் விடும் மிதவைகள் செய்வதும் பழுது பார்ப்பதும் இங்கேதான். இப்போது நிற்கும் செங்கல் கோபுரம் 1864-66இல் ஜேம்ஸ் டக்ளஸ் வடிவமைத்தது. புது விளக்கு எதுவானாலும் இங்கே ஏற்றிப் பார்ப்பார்கள். அதிகாரிகள் ஆற்றைத் தாண்டி சார்ல்டன் பக்கம் போய் நின்று, எந்த நிறம் எடுபடுகிறது, எந்த வெளிச்சம் மங்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். விளக்கைப் பராமரிக்கப் போகிற ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இங்கேதான். இங்கே தேறிய விளக்குகள்தான் பிறகு கடலோரத்தில் எரிந்தன, அப்புறம் எப்படி இது டம்மி ஆகும்?

நான் படிக்க வந்த காலத்தில் கானிங் டவுன் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். அறையில் ஒரே கட்டிலை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம், அதனால் வேலை முடிந்த உடனே போய்ப் படுக்க முடியாது. அப்படி ஒரு சனிக்கிழமை நடந்து நடந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். மைக்கேல் ஃபாரடேவுக்கென்று ஒரு சின்ன மரக்குடில் வைத்திருக்கிறார்கள், பெட்டிக்கடை அளவுதான் இருக்கும். நான் பள்ளியில் ஃபாரடே விதியை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவன், அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட யாரும் சொல்லித் தந்ததில்லை. கொல்லர் மகன், பெரிய படிப்பு இல்லை, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். பெரிய விஞ்ஞானி ஆன பிறகும், 1836 முதல் ஏறக்குறைய 30 வருடம் இந்த டிரினிட்டி ஹவுஸுக்கு ஆலோசகராக இருந்தார். (இப்போதைய கோபுரம் முடிவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அது தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் சோதனை செய்தது இதே துறையில்.) எண்ணெய் விளக்கு எரியும்போது நீராவி வரும், குளிர்ந்த கண்ணாடியில் அது படிந்து வெளிச்சத்தை மறைக்கும். அந்த ஆவியை வெளியே இழுத்துவிட ஒரு புகைபோக்கி அமைத்துக் கொடுத்தார். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் கண்ணாடியில் படியும் ஈரத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்! இரவு முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

    

சரி, கோபுரத்துக்கு வருகிறேன். படியேறி மேலே போனால் முன்பு விளக்கு இருந்த அறை. 2000 ஜனவரி 1 அன்று தொடங்கிய ஒரே இசை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கிண்ணங்களைத் தட்டிப் பதிவு செய்த ஒலியைக் கணினி கோத்துக்கொண்டே போகிறது, 1000 வருடம் திரும்ப வராதபடி அமைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தின் ரீங்காரம் அடங்குவதற்குள் அடுத்தது எழும். ஜன்னலுக்கு வெளியே தேம்ஸ், எதிரே ஓ2 என்ற பெரிய நிகழ்ச்சி அரங்கின் கூடாரம். மெரினாவில் லிஃப்டில் ஏறிக் கடலைப் பார்த்ததுபோல் இருக்காது, உயரம் குறைவு. பிள்ளைகளுக்குச் சலிப்பு தட்டினால், வெளியே கூரையில் இரும்பு மரம் முளைத்த பழைய டாக்ஸி ஒன்று நிற்கும், அதைக் காட்டுங்கள்.

இறங்க வேண்டிய டிஎல்ஆர் (கிழக்கு லண்டனில் ஓடும் உள்ளூர் ரயில்) நிலையத்தின் பெயர் ஈஸ்ட் இந்தியா. ஆமாம், அதே கம்பெனிதான். நம் பக்கத்திலிருந்து போன கப்பல்கள் சரக்கு இறக்கிய துறை 1806இல் அங்கேதான் திறந்தது. அதற்காகவே போகக் கூடாது என்பவர்களோடு நான் வாதாட வரவில்லை. என்னைக் கேட்டால், நம் ஊர்ப் பருத்தியும் மிளகும் எங்கே வந்து இறங்கின என்று நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை, ஆர்ச்சர்ட் பிளேஸ் வழியாக. கோபுரம் வார இறுதியில் மட்டும்தான் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. டிஎல்ஆர் சில ஞாயிறுகளில் ஓடாது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.