நன்றாகத்தானே இருக்கிறான், இன்னும் எதற்கு மாத்திரை?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. யாரோ காதில் பேசுகிறார்கள், பக்கத்து வீட்டார் வேவு பார்க்கிறார்கள் என்று பயந்துபோய் அறைக்குள்ளேயே கிடந்தான். மனநல மருத்துவர் ரிஸ்பெரிடோன் கொடுத்தார். இப்போது ஆறு மாதமாக நன்றாக இருக்கிறான். "அது வெறும் தூக்க மாத்திரை, பழகினால் விடமுடியாது, கிட்னி போய்விடும்" என்கிறார் என் அண்ணன். நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இந்த மாத்திரையைப் பற்றி நான் அதிகம் பயப்படுவதே இந்த 'நன்றாக இருக்கிறான்' கட்டத்தில்தான். ஏனென்றால் நிறுத்திய மறுநாளே நோய் திரும்பிவிடாது. சில வாரம், சில சமயம் பல மாதம்கூட நன்றாகவே போகும், பார்த்தாயா மாத்திரை தேவையே இல்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும்போது தூக்கம் கெடும், சந்தேகம் தலைதூக்கும், அப்புறம் பழைய குரல்கள் திரும்பும். முதல் முறை வந்த நோய்க்கே, குணமான பிறகும் ஒன்று, இரண்டு வருடம் தொடரச் சொல்வது வழக்கம்.

இது தூக்க மாத்திரை இல்லை. தூக்கம் வரலாம், அது பக்கவிளைவு. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேகத்தைக் குறைப்பதுதான் இதன் வேலை. போதை மாதிரி ஏங்கவைக்காது, இன்னும் இன்னும் என்று கேட்கவும் வைக்காது. ஆனால் திடீரென நிறுத்தினால் உடம்பு தடுமாறும், அதனால் குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். கிட்னி? அதை அடிக்கடி பரிசோதித்துக் கொடுக்க வேண்டியது லித்தியம், அது வேறு மருந்து.

அதற்காகத் தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எடை கூடும், சிலருக்குச் சர்க்கரை ஏறும், கை நடுங்கும், உடம்பு விறைக்கும், ஒரு இடத்தில் உட்கார முடியாமல் தவிப்பார்கள். ரிஸ்பெரிடோனால் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் உண்டு, இளைஞர்கள் கூச்சத்தில் அதைச் சொல்லாமல் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மகனை மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தினமும் விழுங்கப் பிடிக்காவிட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. ஆனால் மகனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தெரிய வந்தால் உங்கள் கைச்சோற்றின் மேலேயே சந்தேகம் வரும்.

செலவு கவலை என்றால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை இலவசம். அடுத்த முறை போகும்போது அண்ணனையும் அழைத்துப் போங்கள், கேட்பதை அவரே மருத்துவரிடம் நேரில் கேட்கட்டும். நடுவில் அவசரச் சந்தேகம் வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இரவிலும் தமிழில் பேசலாம்.