பைபாஸுக்குப் பிறகு ரத்தசோகை: மாத்திரை ஏன் எடுபடவில்லை?

இரைப்பை பைபாஸ் என்ற எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் ரத்தசோகை பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். எடை இப்போது 70 கிலோ, ஹீமோகுளோபின் 6.8. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று வீட்டில் திட்டுகிறார்கள்.
— வாசகி, திருச்சி

முதலில் இதை வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள்: தவறு உங்களுடையது அல்ல. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. பைபாஸுக்குப் பிறகு உணவும் மாத்திரையும் அந்தப் பகுதியைத் தொடாமலே கீழே போய்விடுகின்றன. இரும்பை உடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிற இரைப்பை அமிலமும் குறைந்துவிடுகிறது. இதோடு மாதவிடாயில் அதிக ரத்தம் போனால் எந்த மாத்திரையும் ஈடுகட்டாது. அதற்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ரத்தசோகை. உங்கள் நிலையில் இன்னொரு மாத்திரையை மாற்றிப் பார்ப்பது வீண். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, இரும்புச்சத்தை ரத்தநாளம் வழியாக ஏற்றுவது பற்றிப் பேசுங்கள். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தை ஒரே தடவையில் 1,000 மி.கி. வரை ஏற்றலாம், அயர்ன் சுக்ரோஸ் என்றால் 200 மி.கி. வீதம் பல தடவை வர வேண்டியிருக்கும்.

எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இலக்கைவிட எவ்வளவு ஹீமோகுளோபின் குறைகிறதோ அதை உடல் எடையாலும் 2.4-ஆலும் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். இலக்கு 13 என்று வைத்தால் உங்களுக்குச் சுமார் 1,500 மி.கி. வருகிறது. ஒரு தடவை ஏற்றியதும் தெம்பு வந்துவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், சேமிப்பு நிரம்பாவிட்டால் சில மாதங்களில் பழைய நிலைதான். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை உடனே செய்யாமல், ஏற்றி முடித்து ஒன்றிரண்டு மாதம் கழித்துச் செய்யுங்கள். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் குறையலாம். எலும்பு வலியோ தசைச் சோர்வோ வந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். ஒரு யூனிட் ரத்தம் ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 புள்ளி உயர்த்தும். ஆபத்தைத் தாண்ட அது உதவும், இரும்புச் சேமிப்பை நிரப்பாது.

மூட்டு வலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் போடுகிறேன். சில நாட்களாக மலம் கறுப்பாகப் போகிறது. இரும்பு மாத்திரையால்தானே?
— வாசகர், சேலம்

அப்படி நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் தார் போல் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போனால் அது ரத்தக்கசிவு. பைபாஸில் இரைப்பையும் குடலும் தைக்கப்பட்ட இடத்தில் புண் வரும். இதற்கு முக்கியக் காரணங்களில் இரண்டு, இந்த வகை வலி மாத்திரைகளும் புகைபிடித்தலும். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். தாமதிக்காமல் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும்.

என் மகள் பச்சரிசியையும் ஐஸ்கட்டியையும் ஓயாமல் மெல்லுகிறாள். அரிசி தின்பதால்தான் ரத்தம் குறைகிறதா?
— வாசகி, நாகர்கோவில்

பெரும்பாலும் தலைகீழ். இரும்புச்சத்து குறைந்ததால்தான் அந்த ஆசை வருகிறது. அதட்டிப் பயனில்லை, இரும்பு ஏறினால் சில வாரங்களில் தானாக அடங்கும்.

இரும்புச்சத்தை முழுதாக ஏற்றியும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. பாதம் மரத்துப்போகிறது. முடி கொட்டுவதால் ஜிங்க் மாத்திரையும் சாப்பிடுகிறேன்.
— வாசகர், கோவை

உங்கள் கடைசி வரி முக்கியம். ஜிங்க் அதிகமானால் உடலில் தாமிரம் குறையும். தாமிரக் குறைவும் ரத்தசோகையையும் கால் மரத்துப்போவதையும் கொண்டுவரும். பி12 குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்), தாமிரம் மூன்றையும் பாருங்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிடாதீர்கள். ரத்தம் தேறியது போல் தெரியும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

முருங்கைக்கீரை, சுவரொட்டி சாப்பிட்டாலே போதாதா?
— வாசகி, தஞ்சாவூர்

சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் கடுமையான ரத்தசோகையை உணவு மட்டும் சரிசெய்யாது. தேறிய பிறகும் இரும்புச்சத்து தொடர வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கும், எந்த எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையானாலும் அதைச் செய்துகொண்ட மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பொதுவாக நாளொன்றுக்கு 45 முதல் 60 மி.கி. தேவைப்படும். காபி, டீயுடன் அதை விழுங்காதீர்கள். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். குழந்தைக்குத் திட்டமிடலாமா?
— வாசகி, சென்னை

12 முதல் 18 மாதங்களாவது போகட்டும். அதற்குள் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் சரிசெய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ரத்தநாளம் வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதில்லை. தேவையென்றால் முன்பே ஏற்றி முடித்துவிட வேண்டும்.