யூதர்களின் பஸ்கா பண்டிகை எப்படித் தோன்றியது? எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

வேதாகமத்தில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேர் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் வாசல் நிலைக்கால்களில் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைப் பூசினார்கள். தலைப்பிள்ளைகளைக் கொன்ற வாதை அந்த வீடுகளைக் கடந்து போனது. பண்டிகைக்கு ஹீப்ருவில் பெசாக் என்று பெயர். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் எகிப்தைவிட்டுக் கிளம்பியதால் ஏழு நாளும் புளிப்பில்லாத அப்பம், மட்சா. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் ஆட்டுப்பலி நின்று, பண்டிகை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

நான் யூதனும் இல்லை, வேத பண்டிதனும் இல்லை. ஆனால் 2017-இல் ஆராய்ச்சிக்காக இஸ்ரேலில் பீர்ஷெவா நகரத்தில் இருந்தேன். கூட வேலை பார்த்த நண்பர் பண்டிகைக்கு நெவாதிமில் இருக்கும் தன் பாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டார். 1950-களில் கொச்சி யூதர்கள் போய்க் குடியேறிய ஊர் அது. பாட்டி என்னிடம் மலையாளத்தில்தான் பேசினார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, ஊரிலிருந்து வந்திருந்த திருநெல்வேலி அல்வாவைக் கொண்டுபோயிருந்தேன்.

"கோதம்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் நண்பரின் முகம் மாறிவிட்டது. கோதுமை, பார்லி மாதிரி ஐந்து தானியங்களில் எது தண்ணீர் பட்டுப் புளித்தாலும் அது ஹமேட்ஸ். தின்பது மட்டுமல்ல, அந்த ஏழு நாளும் சொந்தமாக வைத்திருப்பதே விலக்கு. அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்தல்லவா பால் எடுக்கிறோம்! எனக்கு உடம்பே கூசிப்போனது. பாட்டி மட்டும் பதறவில்லை. "என் கையில் தராதே மோனே. தந்தால் என்னுடையதாகிவிடும். உன்னுடையதாகவே இருக்கட்டும், பண்டிகை முடிந்து கொண்டுவா" என்று சொல்லி, என் பையைத் தோட்டத்துக் கொட்டகையில் வைக்கச் சொன்னார்.

இரவு செடர், அதாவது பண்டிகையைத் தொடங்கும் சடங்கு விருந்து. இருப்பதிலேயே சின்னக் குழந்தை "இந்த இரவு ஏன் வேறு மாதிரி?" என்று பாட்டாகக் கேட்க, பெரியவர்கள் எகிப்துக் கதையைச் சொல்கிறார்கள். கசப்புக் கீரை, உப்புத் தண்ணீர், நான்கு கிண்ணம் திராட்சை ரசம். எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ரசத்தை விரலால் தொட்டு எடுத்துவிடுகிறார்கள். செத்தவன் எதிரியானாலும் நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாதாம். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மீன் குழம்பும் சோறும். ஐரோப்பிய மரபு யூதர்கள் பலர் பெசாக்கில் அரிசி தொட மாட்டார்கள், கொச்சிக்காரர்கள் சாப்பிடுவார்கள். ஒரு மணி கோதுமை கலந்திருக்கக் கூடாதென்று பாட்டி தட்டில் பரப்பிப் பொறுக்கிய அரிசி.

உடனே "காசாவைப் பற்றிப் பேச மாட்டாயா" என்று கருத்துப்பெட்டிக்கு வராதீர்கள். அந்த அரசு செய்வதில் எனக்கும் ஆறாத வேதனை உண்டு. இங்கே கேட்டது பண்டிகையைப் பற்றி.

ஊர் திரும்பிச் சென்னையில் வீடு தேடியபோது, ஒரு வீட்டுக்காரர் "மீன் சமைப்பீர்களா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கும் அது ஆசாரம்தான் என்று சொல்லக்கூடும். பாட்டியுடைய ஆசாரம் அதைவிடக் கடுமையானது. அவர் என்னை உள்ளே கூப்பிட்டு மேசையில் உட்கார வைத்தார்.

ஏழு நாள் முடிந்து டப்பாவோடு போனேன். யூத வீட்டின் சொத்தாக இருந்திருந்தால் அதன் பிறகும் அதைத் தொட முடியாதாம். என்னுடையதாக இருந்ததால் கூடும். பாட்டி மூன்று துண்டு சாப்பிட்டார்.