சென்சாரை மாற்றியும் விளக்கு அணையவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு ஊர் பாலக்கோடு. 2011-ல் வாங்கிய பெட்ரோல் கார் இன்னும் ஓடுகிறது. சில மாதம் முன்பு செக் எஞ்சின் விளக்கு எரிந்தது, மைலேஜ் 16-லிருந்து 11-க்கு இறங்கியது, புகைப் பரிசோதனையிலும் ஃபெயில். கிருஷ்ணகிரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு" என்று மாற்றினார்கள். பொருளுக்கு 6,800, கூலி 1,200. ஜிபேயில் கொடுத்தேன், கையில் இருப்பது துண்டுச்சீட்டுதான். 19-ஆம் நாள் மறுபடி அதே விளக்கு. திரும்பப் போனால், "பழைய வண்டி அப்படித்தான், எலக்ட்ரிக்கல் சாமானுக்கு கேரண்டி கிடையாது, அடுத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) மாத்தணும்" என்கிறார்கள். கழற்றிய சென்சாரைக் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டதாம். தருமபுரியில் இன்னொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, மேனிஃபோல்டு பேக்கிங் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய் இணைப்பின் அடைப்பு) லீக், சென்சாரில் கோளாறே இருந்திருக்காது என்கிறார். கேஸ் போடலாமா? அதற்குக் கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டுமா?

பதில்: போடலாம். அலையவும் வேண்டாம். ஆனால் நீங்கள் வழக்கின் மையம் என்று நினைக்கும் இடம் வேறு, உண்மையில் அது இருக்கும் இடம் வேறு.

கேரண்டி உண்டா இல்லையா என்பதில் உங்கள் மனம் நிற்கிறது. அதை விடுங்கள். புதிய சென்சார் நன்றாகவே இருக்கலாம். கேள்வி, அதை மாற்றச் சொன்ன முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான். நீங்கள் அனுப்பிய ஸ்கேனர் திரைப் படத்தில் பி 0131 என்ற கோளாறு எண் (கோட்) இருக்கிறது. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜ் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. வழக்கமான சிர்கோனியா சென்சார், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பொறுத்து 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும். அதற்கு முன்னால் பேக்கிங்கில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்று நேர்மையாகவே சொல்லும். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். உங்கள் மைலேஜ் இறங்கியதற்கும், கார்பன் மோனாக்சைடு ஏறிப் புகைப் பரிசோதனையில் தோற்றதற்கும் இது பொருந்துகிறது. லீக் இருக்கிறதா, வயரிங் சரியா என்று பார்க்காமல், கோட்-இல் சென்சார் பெயர் வந்ததென்று சென்சாரை மாற்றியது ஊகம். ஊகத்துக்கு 8,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(11) இதைத்தான் சேவைக் குறைபாடு என்கிறது. துண்டுச்சீட்டில் "எலக்ட்ரிக்கல் பாகங்களுக்கு கேரண்டி இல்லை" என்று அச்சடித்திருப்பது பொருளைப் பற்றிய வரி. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதற்கு அது கவசமாகாது. முறையான பில் தராததே அதே சட்டத்தின் பிரிவு 2(47)-ன் கீழ் முறையற்ற வணிக நடைமுறையில் வருகிறது.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. ரிப்பேர் பலிக்கவில்லை என்பதாலேயே குறைபாடு ஆகிவிடாது. நிரூபிக்கும் சுமை புகார் கொடுப்பவர் மேல். பதினைந்து வயது தொட்ட வண்டியில் சென்சாரும் தேய்ந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். அதை உடைக்கும் ஆயுதம் கழற்றிய பழைய சென்சார்தான், அது உங்களிடம் இல்லை. (எந்த ஒர்க்‌ஷாப்பிலும் மாற்றிய பாகத்தை அன்றே கையோடு வாங்கி வாருங்கள், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைச் செய்வதில்லை, எனக்கு அதில் தீராத வருத்தம்.) இருப்பதை வைத்துப் பார்த்தால், புதிய சென்சார் போட்ட பிறகும் அதே பி 0131 திரும்ப வந்தது என்பதுதான் உங்கள் பலம். வேறு கோட் வந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஆகவே தருமபுரி மெக்கானிக் கைவைக்கும் முன், அந்தக் கோட்-ஐ யாரும் ஸ்கேனரால் அழிக்க விடாமல், தேதி தெரிய மறுபடி ஸ்கேன் செய்து படமெடுங்கள். புகைப் பரிசோதனையில் தோற்றதற்கான சீட்டை எடுத்து வையுங்கள். அவர் கண்டதை அவர் கைப்பட எழுதச் சொல்லி, கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். பின்னால் அவரிடம் பிரமாணப் பத்திரம் தேவைப்படும், இப்போதே கேட்டுவிடுங்கள். சக தொழிலாளிக்கு எதிராக எழுதத் தயங்குவார்கள். "அவன் திருடன்" என்று எழுதச் சொல்லாதீர்கள், "பேக்கிங்கில் லீக் இருந்தது, மாற்றியதும் வோல்டேஜ் சரியானது" என்று எழுதினால் போதும்.

கன்வெர்ட்டருக்கு நஷ்டஈடு கேட்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன்னரே நான்கு மாதம் விளக்கெரிய ஓட்டியதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் மிகுந்த புகை கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அந்த நான்கு மாதமும் உங்கள் கணக்கில்தான் வரும். 8,000 ரூபாய், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, செலவு ஆகியவற்றோடு நிறுத்துங்கள்.

எங்கே போடுவது? 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான். பிரிந்த பிறகு, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ, வேலை நடந்த இடத்துக்கோதான் போக வேண்டியிருந்தது. இப்போது 2019 சட்டத்தின் பிரிவு 34(2)(d)-படி புகார்தாரர் குடியிருக்கும் இடமே போதும். எனவே தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, 8,000 ரூபாய் வழக்குக்கு எனக்கு ஃபீஸ் கொடுக்காதீர்கள். காலக்கெடு இரண்டு வருடம்.

அதற்கு முன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ்: நாள், தொகை, இரு முறையும் வந்த கோட், 15 நாளில் பணம் திருப்பவேண்டும் என்பது, அவ்வளவுதான். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். பல ஒர்க்‌ஷாப்புகள் இந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வருவார்கள். 7,000-க்கு இறங்கிவந்தாலும் வாங்கிக்கொண்டு முடியுங்கள் என்பதுதான் என் யோசனை.

புகைச் சான்றிதழ் இல்லாமல் இதற்கிடையே ஓட்ட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ல் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. வழக்கு நடக்கிறது என்று செக்போஸ்ட்டில் சொன்னால் எடுபடாது. ஸ்கேனும் படமும் முடிந்ததும் பேக்கிங்கை மாற்றிவிடுங்கள். கழற்றும்போது போனில் வீடியோ ஓடட்டும், பழைய பேக்கிங் இந்த முறை உங்கள் வீட்டுக்கு வரட்டும்.