கச்சா எண்ணெய் விலை குறைந்தாலும் பெட்ரோல் விலை ஏன் குறைவதில்லை?

நானும் பல வருடம் இதே கேள்வியோடு பங்க்கில் நின்றவன்தான். சுருக்கமாகச் சொன்னால், உலகச் சந்தையில் விலை இறங்கும்போது அந்த இடைவெளியை வரி எடுத்துக்கொள்கிறது.

2010-ல் பெட்ரோலுக்கும் 2014-ல் டீசலுக்கும் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபோது, சந்தையோடு சேர்ந்து விலை ஏறும், இறங்கும் என்றுதான் சொன்னார்கள். ஏறியது சரி, இறங்கியதா? 2020-ல் கொரோனாவால் கச்சா எண்ணெய் சரிந்த நேரத்தில், மார்ச், மே என்று இரண்டே தவணையில் மத்திய அரசு கலால் வரியை (உற்பத்தி மீது போடும் வரி) லிட்டர் பெட்ரோலுக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் ஏற்றியது, அதாவது ஊரடங்கில் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மக்களுக்குப் போயிருக்க வேண்டிய சலுகை அப்படியே கஜானாவுக்குப் போனது. 2014 ஏப்ரலில் பெட்ரோல் மீது லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்த அந்த வரி, 32.98 ஆனது. அப்புறம் 2021 நவம்பரிலும் 2022 மே மாதமும் குறைத்தார்கள், ஆனாலும் பழைய அளவுக்கு வரவில்லை.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த வரியில் பெரும்பகுதி செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வசூலிக்கும் வரி), சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயரில் வருவதால், அந்தப் பகுதியில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. மாநிலங்கள் தனியாக வாட் என்ற விற்பனை வரியைப் போடுகின்றன. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, டீசலைத் தொடவில்லை.

எனக்குக் கோபம் டீசல் வரி மீதுதான். வண்டியே இல்லாதவரும் தக்காளி விலையோடு சேர்த்து, அதை ஏற்றி வந்த லாரியின் டீசலுக்கான அந்த வரியைக் கட்டுகிறார். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத கூலித் தொழிலாளியும் பெரிய முதலாளியும் லிட்டருக்கு ஒரே தொகை கட்டுவது எந்த வகையில் நியாயம்?