பாவும் ஊடையும் போட்டுப் பூமிக்கு அடியில் பார்ப்பது

(கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் எண்ணெய் தேடும் செய்ஸ்மிக் குழுவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது நகரியில் வீட்டோடு இருக்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில்.)

விசைத்தறி வைத்திருக்கிறேன். முப்பரிமாண செய்ஸ்மிக் என்றால் என்ன அண்ணா? (நகரி)

வெடி வைத்து, அதிர்வலை பாறைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு பூமிக்கு அடியில் இருப்பதைப் படம் போடுவதுதான் செய்ஸ்மிக். உங்கள் தறியையே பாருங்கள் தம்பி. எதிரொலியைப் பதியும் ஜியோஃபோன் கருவிகளின் வரிசைகளைப் பாவு மாதிரி விரிப்போம், வெடி வைக்கும் வரிசைகள் ஊடை மாதிரிக் குறுக்கே ஓடும். பழைய இரு பரிமாண முறை ஒற்றை நூல்தான். பக்கவாட்டுப் பாறையில் பட்டு வந்த எதிரொலியும் நேர் கீழிருந்து வந்ததாகவே தெரியும். 1967இல் ஹூஸ்டன் அருகே ஃப்ரெண்ட்ஸ்வுட் எண்ணெய் வயலில் முதல் முப்பரிமாண ஆய்வு நடந்தது.

நடுவில் ஊரோ ஏரியோ வந்தால்? (சத்தியவேடு)

அங்கே வெடி வைக்க முடியாது, நூல் அறுந்த ஓட்டைதான். பக்கத்தில் கூடுதல் வெடி வைத்தால் ஆழமான அடுக்குகள் ஓரளவு தேறும், மேலே இருப்பவை தேறாது. மாடு ஒன்று ஜியோஃபோன் அருகே நடந்தாலே பதிவில் முள் முள்ளாகத் துள்ளும்!

கணினிகள் இவ்வளவு வேகமாகியும் படம் ஏன் தவறுகிறது ஐயா? (சூளூர்பேட்டை, மாணவி)

எதிரொலி தருவது நேரம் அம்மா. நமக்கு வேண்டியது ஆழம். நடுவில் அலையின் வேகம் தெரிய வேண்டும். போய்வர 2 நொடி, வேகம் நொடிக்கு 3000 மீட்டர் என்றால் ஆழம் 3000 மீட்டர். வேகத்தில் 5 சதவீதம் தவறினால் 150 மீட்டர் போச்சு. இன்னொரு வம்பும் உண்டு. மேலே எரிவாயு நிறைந்த மணல் இருந்தால் அலை அதில் மெதுவாகும், கீழே சமமாகக் கிடக்கும் அடுக்கு பள்ளமாகத் தெரியும். வேகமான கணினி தப்பான படத்தைச் சீக்கிரம் போட்டுத் தரும், அவ்வளவுதான்.

வேகத்தைச் சரியாகப் பிடிக்க 1980களில் லைலி, டரன்டோலா போன்ற ஆய்வாளர்கள் சொன்ன வழி இது: கணினியில் ஒரு நிலத்தை உருவாக்கி, அதில் வெடி வைத்தால் என்ன பதிவாகும் என்று கணக்கிட்டு, உண்மைப் பதிவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும்வரை வேகத்தைத் திருத்துவது. தாழ்ந்த அதிர்வெண் அலைகள் பதிவில் இல்லாவிட்டால் இதுவும் ஏமாற்றும். ஒரு பல் தப்பி மாட்டிய சைக்கிள் செயின் மாதிரி, ஒரு அலை தள்ளிப் பொருந்திவிட்டுச் 'சரி' என்று நின்றுவிடும்.

10 மீட்டர் கனமுள்ள மணல் அடுக்கு தெரியுமா? (புத்தூர்)

மேலே சொன்ன நொடிக்கு 3000 மீட்டர் வேகத்தில், 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 அதிர்வு), அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்வாசி, அதாவது 25 மீட்டருக்குக் கீழே போனால் அடுக்கின் தலையும் அடியும் தனித்தனியாகப் பிரியாது.

நம் பக்கம் எண்ணெய் கிடைக்குமா? (சித்தூர்)

எண்ணெய்க்குப் படிவுப் பாறை வேண்டும் ஐயா. உங்கள் ஊரில் போர்வெல் போடும்போது வெளியே கொட்டும் சாம்பல் நிறத் தூளைப் பார்த்திருப்பீர்களே, அது கிரானைட், படிவுப் பாறை இல்லை.