ஜிப் ஃபைலின் பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில்: பைத்தான் கேள்வி-பதில்

பைத்தானில் ஜிப் ஃபைல்களைக் கையாள்வது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களுக்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் பொருளடக்கம் முதலில் இருக்கும். ஜிப்பில் அது கடைசியில் இருக்கும். எந்த ஃபைல் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, சுருக்குவதற்கு முன் அதன் அளவு என்ன என்பதெல்லாம் அந்தப் பட்டியலில்தான். 1989இல் ஃபில் காட்ஸ் இந்த வடிவத்தைக் கொண்டுவந்ததிலிருந்தே அப்படித்தான். கீழே வரும் சிக்கல்களில் பல இங்கிருந்துதான் முளைக்கின்றன.

கேள்வி: ஸ்கிரிப்ட் எந்த எரரும் காட்டாமல் முடிகிறது. ஆனால் அது சர்வருக்கு அனுப்பிய ஜிப்பைத் திறந்தால் ‘பேட்ஜிப்ஃபைல்’ (இது சரியான ஜிப் இல்லை) என்று எரர் வருகிறது. என் கம்ப்யூட்டரில் இருக்கும் அதே ஃபைல் நன்றாகத் திறக்கிறது. எப்படி?

பதில்: உங்கள் கோடில் அப்லோட் செய்யும் வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘வித்’ பிளாக்குக்கு உள்ளே, நான்கு ஸ்பேஸ் தள்ளி நிற்கிறதா? அதுதான் காரணம். ‘ரைட்’ சொல்லச் சொல்ல ஃபைல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். ஆனால் பொருளடக்கம் எழுதப்படுவது ‘க்ளோஸ்’ நடக்கும்போதுதான். ‘வித்’ பிளாக் முடியும்போது அது தானாக நடக்கும். நீங்கள் அனுப்பிய நேரத்தில் அந்தக் கடைசிப் பக்கம் இன்னும் எழுதப்படவே இல்லை. பிளாக் முடிந்ததும் எழுதப்பட்டுவிட்டது, அதனால் உங்களிடம் இருப்பது முழுசு. அந்த வரியை இடதுபுறம் இழுத்து பிளாக்குக்கு வெளியே வையுங்கள். பைட்ஸ்ஐஓ வைத்து மெமரியிலேயே ஜிப் செய்பவர்களுக்கும் இதே விதி: ‘கெட்வேல்யூ’வை பிளாக் முடிந்த பிறகே கூப்பிட வேண்டும்.

நான் எழுதிய ஒரு பேக்கப் ஸ்கிரிப்டிலும் இதே தவறு இருந்தது. தேவைப்பட்ட நாளில் திறந்து பார்த்தால், மூன்று வாரத்து ஜிப்புகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எழுதி முடித்த ஒவ்வொரு ஜிப்பையும் மறுபடி திறந்து ‘டெஸ்ட்ஜிப்’ ஓட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் படித்து சிஆர்சி (பைட்டுகள் கெடவில்லை என்று காட்டும் எண்) சரிபார்க்கும். பழுதான முதல் ஃபைலின் பெயரைத் தரும். எல்லாம் சரி என்றால் ‘நன்’ (None, அதாவது எதுவும் இல்லை) வரும். நீங்களும் இந்தப் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: நெட்டிலிருந்து ஸ்கிரிப்ட் மூலம் இறக்கிய ஃபைலுக்கும் அதே எரர் வருகிறதே?

பதில்: அது பெரும்பாலும் வேறு கதை. ஃபைலின் முதல் சில பைட்டுகளை பிரிண்ட் செய்து பாருங்கள். ஜிப் என்றால் வழக்கமாக பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. அதற்குப் பதில் ஒரு எச்டிஎம்எல் டேக் தெரிந்தால், உங்களுக்கு வந்தது ஜிப் இல்லை, லாகின் பக்கமோ ‘கிடைக்கவில்லை’ பக்கமோ. சர்வர் தந்த ஸ்டேட்டஸ் கோட் 200தானா (சரி என்பதற்கான எண்) என்று பார்த்துவிட்டு சேமியுங்கள்.

கேள்வி: ஜிப் செய்தும் அளவு குறையவே இல்லை.

பதில்: ஜிப்ஃபைல் மாட்யூல் டிஃபால்ட்டாகச் சுருக்காது, அப்படியே அடுக்கி வைக்கும். ‘கம்ப்ரஷன்’ என்ற இடத்தில் ‘ஜிப்_டிஃப்ளேட்டட்’ கொடுங்கள். ஜேபெக், எம்பி4 போன்றவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றில் பெரிதாக எதுவும் குறையாது.

கேள்வி: தமிழில் பெயர் வைத்த ஃபைல்களை யாரோ ஜிப் செய்து அனுப்பினார்கள். பைத்தானில் ‘நேம்லிஸ்ட்’ எடுத்தால் பெயர்கள் புரியாத குறிகளாக வருகின்றன. ஃபைல்கள் போய்விட்டனவா?

பதில்: எதுவும் போகவில்லை. ஒரே ஒரு எழுத்தை எடுத்துப் பார்ப்போம். எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட். பெயர் யுடிஎஃப்-8இல் இருக்கிறது என்று சொல்ல ஜிப்பில் ஒரு கொடி பிட் உண்டு. சில டூல்கள் அதைப் போடாமல் விட்டுவிடும். அப்போது பைத்தான், பழைய ஐபிஎம் பிசியின் சிபி437 என்ற எழுத்து அட்டவணையை வைத்துப் படிக்கும். அதில் அந்த மூன்று பைட்டும் மூன்று தனி எழுத்துகள்: கிரேக்க ஆல்பா, இடதுபக்கம் திரும்பிய இரட்டைக் கோணக் குறி, தலையில் சாய்கோடு போட்ட ஏ. உங்கள் திரையில் ஆல்பா திரும்பத் திரும்ப வருகிறதா? தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டும் அதுதான்.

திருத்துவது சுலபம். வந்த பெயரை சிபி437ஆக ‘என்கோட்’ செய்து, கிடைக்கும் பைட்டுகளை யுடிஎஃப்-8ஆக ‘டீகோட்’ செய்யுங்கள். ‘அ’ மறுபடி ‘அ’ ஆகிவிடும். பைத்தான் 3.11 முதல், ஜிப்பைப் படிக்கத் திறக்கும்போதே ‘மெட்டாடேட்டா_என்கோடிங்’ என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று சொன்னால் போதும். பைத்தானே உருவாக்கும் ஜிப்புகளில் அந்தக் கொடி சரியாக இருக்கும், தமிழ்ப் பெயர் வைக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: ஜிப்பில் இருக்கும் ஒரே ஒரு ஃபைலை மட்டும் புதிதாக்க முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. ‘ஏ’ மோடில் (இருப்பதன் கடைசியில் சேர்க்கும் மோட்) திறந்து அதே பெயரில் எழுதினால் ஒரு எச்சரிக்கை வரும், எழுதவும் செய்யும். ஆனால் பழையதும் உள்ளேயே இருக்கும், அளவு கூடிக்கொண்டே போகும். தற்காலிகமாகப் புது ஜிப் ஒன்று திறந்து, வேண்டாததை விட்டுவிட்டு மற்றதை ‘ரைட்ஸ்டர்’ மூலம் நகலெடுங்கள். அதற்குப் பெயரை மட்டும் கொடுக்காமல் அந்த ஃபைலின் விவரங்கள் அடங்கிய பழைய ‘ஜிப்இன்ஃபோ’வையே கொடுத்தால் தேதியும் மாறாது. புதிய ஃபைலையும் அதில் எழுதி மூடியதும், ‘ஓஎஸ்.ரீப்ளேஸ்’ மூலம் பழைய ஜிப்பின் இடத்தில் இதை வையுங்கள்.

கேள்வி: எங்கள் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஜிப் அப்லோட் செய்யலாம். ‘எக்ஸ்ட்ராக்ட்ஆல்’ போட்டால் ஆபத்தா?

பதில்: ஆபத்து இருக்கிறது. பொருளடக்கத்தை எழுதியது நீங்கள் இல்லை, அனுப்பியவர்.

முதலில் பாதை. ஃபைல் பெயரிலேயே இரட்டைப் புள்ளி (..) வைத்து, ஃபோல்டருக்கு வெளியே போய் எழுதவைக்கப் பார்ப்பார்கள். ஜிப்ஃபைல் மாட்யூல் அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டே விரிக்கும். டார் என்ற இன்னொரு தொகுப்பு வடிவத்தைக் கையாளும் டார்ஃபைல் மாட்யூல் அப்படி இல்லை. 2007இலேயே பதிவான குறை, பைத்தான் 3.12இல்தான் இதைத் தடுக்கும் ‘ஃபில்டர்’ வசதி வந்தது, ‘டேட்டா’ ஃபில்டர் டிஃபால்ட் ஆனது 3.14இல். உங்கள் பதிப்பு எதுவானாலும் டார் விரிக்கும்போது ‘டேட்டா’ ஃபில்டரை எழுதியே கொடுங்கள்.

அடுத்தது அளவு. ஜிப்பில் வழக்கமாகச் சுருக்கும் டிஃப்ளேட் முறையில் ஒரு பைட், ஏறக்குறைய 1,032 பைட்டாக விரியலாம். அதாவது 10 எம்பி அப்லோட், 10 ஜிபியாக டிஸ்க்கில் இறங்கலாம். ஜிப்புக்குள் ஜிப் என்று அடுக்கினால் கணக்கே வேறு: 42.ஜிப் என்ற பிரபலமான ஃபைல் வெறும் 42 கேபி, எல்லா அடுக்கையும் விரித்தால் 4.5 பெட்டாபைட். ஆகவே விரிக்கும் முன் ‘இன்ஃபோலிஸ்ட்’டில் உள்ள ‘ஃபைல்_சைஸ்’களைக் கூட்டுங்கள், வரம்பு தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஃபைல்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வேண்டும். உள்ளே இருக்கும் ஜிப்பைத் தானாக விரிக்காதீர்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு சிஎஸ்வி படிக்கத்தான் என்றால் விரிக்கவே தேவையில்லை. ஜிப்பின் ‘ஓபன்’ மூலம் திறந்து, ‘டெக்ஸ்ட்ஐஓராப்பர்’ சுற்றி வரிவரியாகப் படிக்கலாம்.

கேள்வி: பாஸ்வேர்ட் போட்டு ஜிப் செய்ய வேண்டும்.

பதில்: ஜிப்ஃபைல் மாட்யூலால் முடியாது. பழைய முறையில் பூட்டியதைத் திறக்க மட்டும் தெரியும், அதுவும் மெதுவாக. அந்தப் பழைய முறையை உடைக்கும் வழி 1994இலேயே வெளியாகிவிட்டது. ரகசியமானதை அதில் வைக்காதீர்கள். ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டு முறை வேண்டும் என்றால் பைஜிப்பர் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘1980க்கு முந்தைய தேதி’ என்று எரர்?

பதில்: ஜிப் தேதியை டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் முறையில் வைக்கிறது; அதன் காலண்டர் 1980இல்தான் தொடங்கும். உங்கள் ஃபைலின் தேதி 1970 என்று பதிவாகியிருக்கலாம். பைத்தான் 3.8 முதல் ‘ஸ்ட்ரிக்ட்_டைம்ஸ்டாம்ப்ஸ்’ஐ ‘ஃபால்ஸ்’ ஆக்கினால், 1980 ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டு மேலே போகும். அப்புறம், அந்த முறையில் நொடிகள் இரண்டிரண்டாகத்தான் பதிவாகும். விரித்த ஃபைலையும் மூல ஃபைலையும் நேரம் வைத்து ஒப்பிட்டால் இரண்டு நொடி வித்தியாசத்தை அனுமதியுங்கள்.